கைமாற்றாகப் போன மாத்திரை

கச்சிராயபாளையம் சாலையை அகலப்படுத்துகிறார்கள். போன வாரம் அந்த வழியாக வந்தபோது புளியமரங்களை அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பேருந்து நின்றுவிட்டது. ஜன்னல் வழியே பச்சை மரத்தின் வாடை உள்ளே வந்தது. துவர்ப்பும் ஈரமும் கலந்த வாடை. இஞ்சின் சூட்டோடு சேர்ந்து அது தொண்டையில் படிந்தது. பக்கத்தில் இருந்தவர் இனிமேல் சேலத்துக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அந்த வாடை ஒரே ஒரு நாளைத்தான் சொல்லும். உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். உன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். அது ஆறுவதாகத் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்பது எனக்கு ஒரு வசதி.

நாம் இருவரும் ஒரே வகுப்பில் மருந்தாளுநர் படிப்புப் படித்தவர்கள். உனக்கு மலையடிவாரத்து அரசு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. உன்னைவிட நான் அதிக மதிப்பெண் வாங்கியவன் என்பதை நமக்குள் நான் பலமுறை சொல்லிக்காட்டியிருக்கிறேன். சங்கராபுரம் பக்கத்துக் காலனியிலிருந்து படிக்க வந்தவன் நீ. சின்னசேலம் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை நான். கள்ளக்குறிச்சியில் இன்னொருவருடைய மருந்துக்கடையில் நின்றேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நம் இருவருக்கும் ஒரே அறை. என் வீட்டாருக்கு அது பிடிக்கவில்லை. நீ சமைத்ததை நான் சாப்பிடுகிறேன் என்று தெரிந்து என் அம்மா ஒருமுறை அழுதுவிட்டுப் போனாள். அன்று நீ ரசத்தில் கொஞ்சம் மிளகு கூட்டினாய். அழுகைக்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்றாய்.

உன் ஆஸ்பத்திரிக்கு விடுமுறை நாள்களில் வருவேன். மற்ற இடங்களில் மருந்து கொடுக்கும் ஜன்னல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளேயிருந்து ஒரு கை வரும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, அடுத்த ஆள். உன் ஜன்னலில் வரிசை நகரவே நகராது. சந்தை நாளில் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் நீ கதை கேட்டுக்கொண்டிருப்பாய். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய், எப்போது கூழ் குடிக்கிறாய், வீட்டில் வேறு யார் மாத்திரை சாப்பிடுகிறார்கள், போன முறை கொடுத்ததில் எவ்வளவு மிச்சம். மாத்திரை வாங்க வந்த குப்பாயியை அறையை விட்டு வெளியே வந்து வராந்தாவில் நேராக நடக்கச் சொன்னாய். வலிப்பு மாத்திரை அளவு கூடினால் நடை தள்ளாடும், கண் சொருகும். அதைத்தான் பார்த்தாய். வரிசையில் நின்ற ஒருவன் பொறுக்கமாட்டாமல் கேட்டான்:

“இன்னா சார், மாத்திர குடுக்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். குப்பாயியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நீ மட்டும் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

குப்பாயியின் இடது கை முழங்கைவரை வெந்து ஆறிய தோல். வலிப்பு வந்து அடுப்பில் விழுந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் அது நடந்தது. இன்னொரு தடவை வந்தால் தாய்வீட்டுக்கே அனுப்பிவிடுவேன் என்று மாமியார் சொல்லியிருந்தாள். மாத்திரை ஒழுங்காகப் போன பிறகு வலிப்பு நின்றது. ஒரு குழந்தையும் பிறந்தது. நீ அந்தக் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் உன் சொந்தச் சாதனையைப் பார்ப்பதுபோல் பார்ப்பாய். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். மருந்து எழுதியவர் மருத்துவர், தயாரித்தது கம்பெனி, உனக்கென்ன என்பேன்.

“எழுதனதும் செஞ்சதும் மேசை மேலதாம்பா கெடக்கும். வாய்க்குள்ள போவுதான்னு யார் பாக்கறது?” என்று நீ கேட்டாய்.

அப்புறம் சடையன். குப்பாயியின் ஊர்க்காரர். நாலு வீடு தள்ளி இருந்தார். நரைத்த தாடி, கையில் எப்போதும் ஒரு கொக்கிக் கத்தி. அவருக்கும் அதே நோய், அதே பினோபார்பிடோன் மாத்திரை. ஆனால் ஒழுங்காகச் சாப்பிடமாட்டார். மருத்துவர் திட்டினார், நர்ஸ் திட்டினார். நீ திட்டவில்லை. ஒரு சந்தை நாளில் அவரை உள்ளே கூப்பிட்டு முக்காலியில் உட்காரவைத்து ராத்திரி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாய்.

“ராத்திரி துன்னா தூக்கம் அமுக்குது சாமி. பன்னி எறங்கி சாமையப் பூரா மேஞ்சிட்டுப் போவுது. நோவு வந்தா நான் வுழுவேன். பன்னி வந்தா வூடே வுழும்.”

அவர் காட்டில் பரண்மேல் காவல் இருக்கிறவர் என்பதை அதுவரை யாரும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. வலிப்பு உள்ள மனிதர் பரண்மேல் உட்கார்ந்திருக்கிறார் என்பது உன்னைத் தூங்கவிடவில்லை. மருத்துவரிடம் போய் இவருக்கு மட்டும் விடியற்காலையில் கொடுக்கலாமா என்று கேட்டாய். காட்டுப் பன்றிக்கும் சேர்த்து நான் மருந்து எழுத வேண்டுமா என்று அவர் சிரித்துவிட்டு, எழுதித் தந்தார். பரணைவிட்டு இறங்கித் தரையில் உட்காரவேண்டும், நெருப்பு மூட்டினால் தள்ளி உட்காரவேண்டும், விடிந்ததும் வீட்டுக்கு வந்து கூழ் குடித்து மாத்திரை போட்டுப் படுக்கவேண்டும். சடையன் ஒப்புக்கொண்டார். அதன்பிறகு ஆள் மாறிப்போனார். சந்தைக்கு வந்தால் உன் ஜன்னலில் ஒரு கீரைக்கட்டை வைத்துவிட்டுப் போவார்.

“என்ன சாமின்னு கூப்புடறது இந்த ஒரு மலையிலதாம்பா” என்று நீ அறையில் வந்து சிரித்தாய். உன் ஊரில் உன்னை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டவர்கள் என் சாதிக்காரர்கள்.

சடையனையும் குப்பாயியையும் நீ ஜோடி சேர்த்தாய். அது உன் ஏற்பாடு. ஒரே ஊர், ஒரே மாத்திரை. யார் சந்தைக்கு வந்தாலும் இருவருக்கும் வாங்கிக்கொண்டு போகலாம். விடிந்து காட்டிலிருந்து வரும் சடையன் குப்பாயி வாசலில் நின்று, ராத்திரி மாத்திரையைத் தின்றாயா என்று கேட்பார். அவள், நீ இப்போது தின்னு என்று அவருக்குத் தண்ணீர் கொடுப்பாள். இப்படி ஊருக்கு ஊர் ஜோடி போட்டுவைத்திருந்தாய். மலையில் உப்பும் விதையும் நெருப்பும் வீட்டுக்கு வீடு கைமாறிக்கொண்டே இருக்கும். இல்லை என்று சொல்லமாட்டார்கள், திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள். அந்தப் பழக்கத்தின் மேல்தான் உன் ஏற்பாடு நின்றது. நன்றாகவும் நின்றது. அதை நான் பாராட்டியதில்லை. இப்போது பாராட்டுகிறேன்.

அப்போதுதான் மறியல் வந்தது. இட ஒதுக்கீட்டில் தனிப் பங்கு கேட்டு வடமாவட்டங்கள் முழுக்கச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். உட்கார்ந்தவர்கள் என் ஆட்கள். கேட்டதில் நியாயம் இருந்தது, இன்றும் அதை மறுக்கமாட்டேன். பட்டம் வாங்கிவிட்டு இன்னொருவன் கடையில் பொட்டலம் கட்டிய எனக்கு அந்த ஆத்திரம் நன்றாகவே புரிந்தது. நீகூட அறையில் அதைத்தான் சொன்னாய். “உன் ஆளுங்க கேக்கறது நாயம்தாம்பா. மாத்திரைக்கு மட்டும் வழி வுடச் சொல்லு.”

அதற்கு முந்திய வாரமே கடையடைப்பில் சந்தை கூடவில்லை. இந்த வாரமும் கூடாது என்று ஆகிவிட்டது. பேருந்து இல்லை. உன் ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. மருத்துவர் ஊரில் இல்லை. நீ அறைக்குள் நடந்துகொண்டே யார் யாருக்கு மாத்திரை தீர்ந்திருக்கும் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தாய். காசநோய்க்காரர் சில நாள் விட்டாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வலிப்புக்காரர் சட்டென்று நிறுத்தினால் முன்பு வந்ததைவிட மோசமாக வரும். குப்பாயிக்கு வந்துவிட்டால் குழந்தையோடு துரத்திவிடுவார்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நான் மாத்திரைகளை எடுத்துவந்தேன். உன் காக்கித் தோள்பையில் போட்டுக்கொண்டு விடிந்ததும் இரண்டு சைக்கிளில் கிளம்பினோம்.

பாதி வழியில் புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அப்போதுதான் வெட்டியிருந்தார்கள். வெட்டுவாயிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். முன்னால் நின்றவன் தனபால். மல்லாட்டைக் கடலை வியாபாரி வீட்டுப் பையன். எனக்குத் தூரத்து உறவு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா மாப்ள. இன்னா, ஆதரவு குடுக்க வந்தியா?”

மலைக்கு மருந்து எடுத்துப்போகிறோம் என்றேன். அவன் பையைத் திறந்து பார்த்தான், சரி என்றான். பிறகு உன்னைப் பார்த்தான். எந்த ஊர் என்று கேட்டான். நீ ஊர்ப் பெயரைச் சொன்னாய்.

“ஊரா, காலனியா?”

“காலனி.”

நீ ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. எவனும் சரிபார்க்கப் போவதில்லை. இதுதான் உன்மேல் எனக்கு இன்றுவரை உள்ள கோபம்.

“அப்ப நீ இங்கியே குந்து. மாப்ள மட்டும் போவட்டும்” என்றான் தனபால்.

நான் கத்தினேன். அவன் அரசாங்கத்து மருந்தாளுநர், நோயாளிகள் அவனுடைய நோயாளிகள், எனக்கு அவர்களைத் தெரியாது என்றேன். அரசாங்கத்தைத்தானே நிறுத்தியிருக்கிறோம் என்று ஒருவன் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நீ அதற்குள் பையைக் கழற்றி என் தோளில் மாட்டிவிட்டாய். உன் குரல் சாதாரணமாக இருந்தது.

“போனதும் மாத்திரைய எடுத்து நீட்டாத. மொதல்ல மிச்சம் எவ்ளோ கீதுன்னு பாரு. யாருக்குக் குடுத்தாங்க, யார்கிட்ட வாங்கனாங்கன்னு கேளு. அப்புறம் நடக்கச் சொல்லிப் பாரு.”

அப்படிச் சொல்லிவிட்டு, வெட்டிக் கிடந்த மரத்தின் மேலேயே போய் உட்கார்ந்தாய்.

மலையேறி அந்த ஊருக்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. குப்பாயி வாசலில் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவளை நடக்கச் சொன்னேன். நேராக நடந்தாள். கண் தெளிவாக இருந்தது. வலிப்பு வரவே இல்லை என்றாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல் நிம்மதி. மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரை தீரவில்லை. இன்னும் பல நாளைக்கு இருந்தது. அதன்பிறகு நீ சொல்லியனுப்பிய கேள்வியைக் கேட்டேன். யாரிடம் வாங்கினாய்?

“தாத்தா குடுத்தாருங்க. பச்சப் புள்ளக்காரி, நீ வுழுந்தா புள்ளயும் சேந்து வுழும், நான் வுழுந்தா நான் மட்டுந்தான வுழுவேன்னாரு. இருந்தத எல்லாத்தயும் குடுத்துட்டாரு. அவருக்குத்தான் இப்ப வர்றதே இல்லீங்களே. நல்லாயிட்டாருன்னு நெனச்சேங்க.”

சடையன் வீட்டுக்கு ஓடினோம். அவர் தரையில் கிடந்தார். விடியற்காலையில் காட்டிலிருந்து வந்து கூழ் குடித்தவர் வீட்டில் ஆளில்லாத நேரத்தில் அப்படியே சாய்ந்திருக்கிறார். ஒரு வலிப்பு அடங்குவதற்குள் அடுத்தது. நடுவில் நினைவு திரும்பவே இல்லை. தாடியில் ரத்தமும் நுரையும். எங்கள் பின்னால் ஓடிவந்த யாரோ அவர் கையில் இரும்பைத் திணித்தார்கள். என் தோளில் பை நிறைய மாத்திரை. ஒன்றைக்கூட அந்த வாய்க்குள் போடமுடியாது. போட்டால் மூச்சுக்குழாயில் சிக்கும். ஊசி வேண்டும், ஊசி அடிவாரத்தில் பூட்டிய அறைக்குள் இருந்தது, அதைப் போடத் தெரிந்தவர் எந்த ஊரில் இருந்தாரோ தெரியாது. நான் படித்த படிப்பு முழுவதையும் வைத்துக்கொண்டு அவரை ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தேன். அவ்வளவுதான் செய்யமுடிந்தது.

போர்வையில் தூளி கட்டி மூங்கிலில் தூக்கினார்கள். குப்பாயியின் புருஷனும் இன்னும் மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். அடிவாரத்தில் ஆஸ்பத்திரிப் பூட்டை உலுக்கிப் பார்த்துவிட்டுக் கள்ளக்குறிச்சியை நோக்கி நடந்தோம். மறியல் இடத்துக்கு வந்தபோது நீ காலையில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாய். தூளியைப் பார்த்ததும் எழுந்தாய். போர்வையை விலக்கி முகத்தைப் பார்த்தாய். குப்பாயியை எதிர்பார்த்திருந்தாய் என்று உன் கண்ணில் தெரிந்தது.

நான் நடந்ததைச் சொன்னேன். நீ அவருடைய கழுத்தில் விரலை வைத்துக்கொண்டே கேட்டாய்.

“நாந்தாம்பா ஜோடி போட்டேன்” என்றாய்.

தனபாலும் அவன் ஆட்களும் ஓடிவந்தார்கள். மரத்தை நகர்த்த முடியாது. அதனால் அவர்களே தூளியை வாங்கி மரத்துக்கு மேலாக அந்தப் பக்கம் இறக்கினார்கள். தனபால் தோள் கொடுத்தான். கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தான். அதை மறைக்கமாட்டேன். ஆனால் அதே மரத்தை நீ காலையில் தாண்டியிருந்தால், சடையனை வேறு மாதிரிப் பார்த்திருப்பாயா, வேறு ஏதாவது செய்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் வாழவேண்டியிருப்பதுதான் அவனால் எனக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன். கரும்புக் கொல்லைகளைத் தாண்டும்போது தூளியில் அசைவு நின்றது. சுமந்தவர்கள் அதைத் தோளிலேயே தெரிந்துகொண்டு, யாரும் சொல்லாமலே நின்றார்கள்.

நீ ஜோடிகளைக் கலைத்துவிடுவாய் என்று நினைத்தேன். கலைக்கவில்லை. கொடுக்காதே என்று சொன்னால் கொடுக்காமல் இருக்கிறவர்கள் இல்லை அவர்கள், கொடுப்பதற்கென்றே தனியாக ஏதாவது இருக்கவேண்டும் என்றாய். மூடி இறுக்கமான பிஸ்கட் டப்பாவில் அவசரத்துக்கு மாத்திரை போட்டு, ஊருக்கு ஒன்றாகப் பொறுப்பான ஒரு வீட்டில் கொடுத்துவைத்தாய். அந்த ஊரில் டப்பா குப்பாயி வீட்டில் இருந்தது. உனக்குத் தீர்ந்தால் டப்பாவிலிருந்து எடு, இன்னொருவர் பங்கிலிருந்து எடுக்காதே, எடுத்தால் சந்தை நாளில் என்னிடம் சொல். அதோடு ஒவ்வொருவரிடமும், யாருக்குக் கொடுத்தாய், யாரிடம் வாங்கினாய் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டாய். வலிப்பு வராமலிருப்பது மாத்திரையால்தான், நோய் போய்விட்டதால் இல்லை என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல் சொன்னாய். பிறகு அங்கே யாரும் அப்படிச் சாகவில்லை.

அந்த டப்பாவுக்காகத்தான் உன்னைத் தண்டித்தார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வகை மருந்தை ஆஸ்பத்திரிக்கு வெளியே வைத்ததாக விளக்கம் கேட்டார்கள். புகார் எழுதியவர் அந்த மருத்துவர்தான். மறியல் நாள்களில் தான் எங்கே இருந்தோம் என்பதை யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. சடையன் செத்த கதையைச் சொல், டப்பா ஏன் வந்தது என்று சொல், நான் சாட்சிக்கு வருகிறேன் என்று உன்னிடம் சண்டை போட்டேன். நீ விதியை மீறியது உண்மை என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாய். மருத்துவரை இழுத்தால் டப்பாவை நிரந்தரமாக எடுத்துவிடுவார்கள், என்னை மட்டும் அனுப்பினால் அடுத்து வருகிறவன் கண்டும் காணாமல் விட்டுவிடுவான் என்று கணக்குப் போட்டாய். உன் கணக்கு சரியாகவே இருந்தது. உன்னைத் தெற்கே கடலோரத்துக்கு மாற்றினார்கள். மலைமேல் டப்பாக்கள் இருந்தன.

சரியாகக் கணக்குப் போட்டதற்காகவும் உன்மேல் எனக்குக் கோபம். என்னைப் போல ஒருமுறையாவது கத்தியிருக்கலாம். அந்த மருத்துவர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். நான் அந்த விழாவுக்குப் போகவில்லை. அவர் பெயர் போட்ட சீட்டு வந்தால் மருந்து கொடுப்பேன், சீட்டை எடுத்துவந்தவர் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டேன். இதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உன் மனைவி ஒருமுறை சொன்னார். எனக்கும் தெரியும்.

இப்போது கடை என்னுடையது. குப்பாயி பேருந்தில் இறங்கி வந்துபோகிறாள். பேத்தி எடுத்துவிட்டாள். உன் சாவை அவளிடம் நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து, நான் கேட்காமலே, தெருவில் கொஞ்ச தூரம் நேராக நடந்து காட்டிவிட்டுப் போனாள்.

மரங்களை அறுத்ததைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் தனபால் கடைக்கு வந்தார். மாதாமாதம் வருகிறார். சர்க்கரை நோய். மண்டி வைத்திருக்கிறார், ஊரில் பெரிய மனிதர், இப்போதும் என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுகிறார். சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, மாத்திரையை மாற்றிக் கொடு என்றார். வேறு கடையாக இருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். நான் மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். பிறகு, யாருக்காவது கொடுக்கிறீர்களா என்று கேட்டேன்.

“வூட்ல அவளுக்கும் சக்கரதான மாப்ள. ரெண்டு பேரும் ஒண்ண ஒடச்சி ஆளுக்குப் பாதி போட்டுக்கினு இருக்கோம். இன்னாத்துக்குத் தனித்தனியா?”

மனைவிக்கு இருப்பது சர்க்கரைதானா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. அழைத்துவந்து ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன், அதுவரை அவர் மாத்திரை அவருக்கு மட்டும் என்றேன். செருப்பைக் கழற்றச் சொன்னேன். முக்காலியில் உட்காரவைத்து அவருடைய பாதத்தை என் முட்டிமேல் வைத்துப் பார்த்தேன். குதிகாலில் அவருக்கே தெரியாமல் ஒரு புண் ஆரம்பித்திருந்தது. வலிக்கிறதா என்று அழுத்தினேன், இல்லை என்றார். இன்றே மருத்துவரிடம் போகவேண்டும், யாரிடம் போகவேண்டும் என்று சொன்னேன்.

அவருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. “கடைக்காரன் எவன் மாப்ள கால எல்லாம் எடுத்துப் பாக்கறான்? யார்கிட்ட கத்துக்கின?”

“மறியல்ல ஒருத்தன மரத்து மேல குந்த வெச்சீங்களே, அவன்கிட்ட” என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் பொய் இல்லை.

“எந்த மரம் மாப்ள?” என்றார்.

நான் செருப்பை அவர் பக்கம் நகர்த்திவைத்தேன். அவருடைய மாத்திரையைத் தனிக் கவரில் போட்டேன். மண்டிக்குக் கிளம்புமுன் காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டு அதன்மேல் எழுதினேன். உன் காக்கிப் பை கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அன்று நீ அதை என் தோளில் மாட்டியதோடு சரி, திருப்பிக் கேட்கவே இல்லை. குதிகாலுக்கு வேண்டிய பஞ்சையும் துணியையும் அதிலிருந்துதான் எடுத்தேன்.